மூன்று பங்குக்கு நான்கு பொட்டலம்

உலகத்தில் ஆக்குகிறவர்கள் உண்டு, தின்கிறவர்கள் உண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பொட்டலம் கட்டிக்கொண்டே இருக்கிற ஓர் இனமும் உண்டு. இன்றைக்கு நாம் தரிசிக்கப் போவது அவர்களைத்தான்.

பொட்டலக்காரரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அம்மன் கோயில் திருவிழாவில், அண்டா நிறையப் புளிசோறு ஆறிக்கொண்டிருக்க, வேண்டுதலை முடித்துவிட்டுப் பசியோடு நிற்கிற ஜனம் வாசல்வரை வளைந்து நிற்க, இவர் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தொன்னையில் வைத்தால் ஒழுகுமே, இலையில் மடித்தால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆகாதே, டப்பாவில் போட்டால் டப்பா திரும்பி வருமா, பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் காகிதத் தட்டுதானே கேட்பார்கள் என்று நாலு பேரைக் கூட்டி வைத்து யோசித்துக்கொண்டிருப்பார். வரிசையில் முதலில் நிற்கிற பெரியவர், நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நிற்பார். அவருக்குக் கையில் ஒரு பிடி கொடுத்தாலே போதும். ஆனால் கையில் கொடுப்பது ஒரு முறையா? நாளைக்கு யாராவது வேறு விதமாகக் கேட்டால்?

இந்த ‘நாளைக்கு யாராவது கேட்டால்’ என்பதுதான் இந்த இனத்தின் மூல மந்திரம். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் அதைத்தான் சொல்வார்கள்.

இவர்கள் கெட்டவர்களா? அம்மன் சத்தியமாக இல்லை. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை வைதுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். நல்லவர்களாக இருப்பதுதான் உபத்திரவம். மனசில் கருணை ஏரி மாதிரி நிறைந்து கிடக்கும். எதிரில் நிற்கிற ஒருவர் மேல் மட்டும் அது பாயாது. இனிமேல் பிறந்து, வளர்ந்து, என்றைக்காவது இந்தப் பக்கம் வரக்கூடியவர்கள் எல்லார் மேலும் பாயும்.

முன்பெல்லாம் இவர்கள் கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும்தான் காணக் கிடைத்தார்கள். இப்போது கம்ப்யூட்டருக்குள் குடி போய்விட்டார்கள். அங்கே இடம் தாராளம். எத்தனை பொட்டலம் கட்டினாலும் அடுக்கி வைக்கலாம், எறும்பு வராது.

அந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒன்று கடத்தூருக்கு இந்தப் பக்கம், ஒரு கூட்டுக் கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், மாடி வீட்டில் இருக்கிறது. பெயர் அருள்குமார். வயது முப்பத்துமூன்று. வேலை பெங்களூர்க் கம்பெனியில். அதைப் பார்ப்பது மாடி அறையில். காதில் எந்நேரமும் கருப்பாக ஒன்று மாட்டியிருக்கும். அது இருக்கும்போது கூப்பிட்டால் கேட்காது. இல்லாதபோது கூப்பிட்டால், ‘கேக்குது, கேக்குது’ என்று பதில் வரும், ஆள் வரமாட்டார்.

அந்தக் கிணற்றில் மூன்று பங்கு. ஒன்று அருள்குமாரின் அப்பா கோவிந்தனுடையது. ஒன்று பங்காளி வீரமணியுடையது. மூன்றாவது கோவிந்தனின் தம்பி மாதுவுடையது. மாது லாரியோடு மாதத்தில் இருபத்தைந்து நாள் வடக்கே இருப்பதால், அந்தப் பங்கைப் பார்ப்பது அவர் மனைவி பாஞ்சாலி. அருள்குமாருக்குச் சின்னம்மா. பாஞ்சாலி படித்தது ஐந்தாவது. கும்பிடுவது மாரியம்மனை. வெள்ளிக்கிழமை தவறாமல் மோட்டாருக்கும் ஒரு சூடம் காட்டுவாள். ‘தண்ணி தர்றதும் ஆத்தாதானே’ என்பாள்.

கூட்டுக் கிணற்றில் தண்ணீர் கட்டுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பங்குக்கு எட்டு மணி நேர முறை. அந்த எட்டு மணி கடிகாரத்து மணி இல்லை, மோட்டார் ஓடின மணி. இடையில் கரண்ட் போனால் கணக்கும் அப்படியே நின்றுவிடும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். இதை மோட்டார் கொட்டாயில் தொங்கிய ஒரு சிலேட்டுதான் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் முறையோ அவர் எழுதுவார்: ஆறுக்குப் போட்டது, ஒன்பதுக்குப் போச்சு, பத்துக்கு வந்துச்சு. அவ்வளவுதான். ஆடி மாதத்தில் சாரல் அடித்துச் சிலேட்டு எழுத்து அழிந்து போய், அன்றைக்கு யார் முறை என்று மூன்று வீட்டிலும் முகம் சுளித்தபோது, மாடியிலிருந்து அருள்குமார் இறங்கி வந்தான்.

“இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை, சின்னம்மா” என்றான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அது ஒரு சாயங்கால வேலையாகத்தான் இருந்தது. மோட்டாரில் ஏற்கெனவே போன் போட்டு முடுக்குகிற பெட்டி ஒன்று உண்டு; கரண்ட் போனாலும் வந்தாலும் அது ஒரு சேதி அனுப்பும். அந்தச் சேதியை வாங்கிக் கூட்டிக் கழித்து, இப்போது யார் முறை, இன்னும் எத்தனை மணி பாக்கி என்று காட்டுகிற ஒரு பக்கத்தை ராத்திரிச் சோற்றுக்குள் செய்து, பாஞ்சாலியின் போனில் திறந்து கொடுத்துவிட்டான். முறை முடிந்ததும் அடுத்த பங்குக்காரர் போனுக்கு மணி அடித்துச் சேதி போகும். பத்து நாள் அது பிசகில்லாமல் ஓடியது. பாஞ்சாலி போனுக்கும் குங்குமம் வைத்தாள்.

சோறு வெந்துவிட்டது, பந்தியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பொட்டலக்காரர் இதை எத்தனை நாள் பொறுப்பார்? பதினோராம் நாள் அருள்குமாருக்கு அந்த யோசனை வந்துவிட்டது. இந்த நாட்டில் எத்தனை கூட்டுக் கிணறு இருக்கும்? எத்தனை பங்காளிகள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்? இந்தக் கணக்குப் போடுகிற பாகத்தை மட்டும் தனியாக எடுத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளும்படி பொட்டலமாகக் கட்டி, பொதுக் கடையில் வைத்தால் என்ன?

மாடிக் கதவு அன்றைக்குச் சாத்தியதுதான்.

பாஞ்சாலி ஒருநாள் கீரை கொடுக்கப் போனபோது, என்னதான் செய்கிறாய் சாமி என்று கேட்டாள். இந்த இனத்தாரிடம் கேட்கக் கூடாத ஒரே கேள்வி அது. அருள்குமார் நாற்காலியைத் திருப்பி, மிகவும் பொறுமையாக விளக்கினான். அவளும் முந்தானையில் கீரையோடு நின்று மிகவும் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்குப் பிடிபட்டது இவ்வளவு:

அவன் எழுதுகிற பாஷையில் ஒவ்வொரு சாமானுக்கும் அது என்ன வகை என்று சீட்டு ஒட்ட வேண்டும். இது எண், இது பெயர், இது ஆம் அல்லது இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் பெயரைப் போட்டால் எழுதும்போதே சிவப்புக் கோடு வந்து மண்டையில் குட்டும். நல்லதுதான். ஆனால் ஓட்டுகிற மெஷினுக்கு அந்தச் சீட்டு ஆகாது. அதனால் எழுதி முடித்தபின் இன்னொரு மெஷினில் கொடுத்து, ஒட்டின சீட்டையெல்லாம் கிழித்து, வெறும் சாமானாக ஆக்க வேண்டும். அப்படி ஆக்கும்போது எந்தப் பாத்திரத்தில் எடுப்பது? அங்கேதான் விஷயம். பழைய முறை என்று ஒரு பொட்டலம். அது வேண்டாம் என்று புதிய முறை வந்து பத்து வருஷம் ஆகிறது. அது ஒரு பொட்டலம். எதுவுமே தெரியாமல் ஒரு பக்கத்தில் அப்படியே ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு மூன்றாவது பொட்டலம். நாலாவதில் சாமானே கிடையாது. கிழித்த சீட்டுகளைப் பொறுக்கி, உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகத் தனியாகக் கட்டி வைப்பது.

“சீட்டை ஒட்டி, கிழிச்சு, கிழிச்சதையும் பொட்டலம் கட்டறதா” என்று கேட்டாள் பாஞ்சாலி.

“கரெக்டா புடிச்சிட்டீங்க சின்னம்மா” என்று அவன் சந்தோஷப்பட்டான்.

அவள் கிண்டல் செய்யவில்லை. அவளுக்கு அது தெரியாது. கோயிலில் தொன்னைக்கும் இலைக்கும் வாதாடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அதைக் காசு செலவில்லாமல் செய்கிற பிள்ளை மேல் கொஞ்சம் மரியாதையே வந்தது.

பொட்டலக்காரரின் நித்திய கர்மங்களை இங்கே சொல்லியாக வேண்டும். காலையில் எழுந்ததும் பல் விளக்கும் முன்னே பெட்டியைத் திறந்து ஒரு பொத்தானை அமுக்குவார். கருப்புத் திரையில் எழுத்து மளமளவென்று ஓடும். நாலு பொட்டலத்துக்கும் நாலு பச்சைக் குறி விழுந்தால் முகத்தில் தீபாராதனை கண்ட களை. ஒன்று சிவப்பாகிவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாகப் பாத்திரம் வைக்கக் கூடாது. சிவப்பு ஏன் வந்தது? உள்ளே இருக்கிற சரக்கில் ஒரு குற்றமும் இருக்காது. பழைய பொட்டலத்தின் வாயைக் கட்டின கயிறு புதிய பொட்டலத்தின் கயிற்றோடு சிக்கியிருக்கும். அதை அவிழ்க்க மூன்று நாள். பொட்டலத்துக்குப் பெயர் வைக்க ஒன்பது நாள். மேலே எந்தச் சாவியைப் போட்டால் எந்தப் பொட்டலம் திறக்கும் என்று எழுதி ஒட்டுகிற அட்டவணைக்கு இரண்டு வாரம். சரக்கு எவ்வளவு தெரியுமா? நாற்பது வரி. பொட்டலத்துக்கான சட்டதிட்டம் நூற்றுப் பதினாறு வரி.

ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தது. பொட்டலம் கடைக்குப் போயிற்று. முதல் வாரத்திலேயே இருநூறு பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று அருள்குமார் இறங்கி வந்து சொன்னான். கோவிந்தன் மகனைப் பார்த்துப் பூரித்தார். அருள்குமாரின் மனைவி கலைச்செல்வி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. அந்த இருநூறும் மனுஷர்கள் இல்லை, கடைக்கு எது வந்தாலும் எண்ணிப் பார்த்து ஒரு நகல் எடுத்து வைக்கிற மெஷின்கள் என்று இவர்தானே ராத்திரி என்னிடம் ஒப்புக்கொண்டார் என்று மட்டும் சொன்னாள். பிறகு மோர் வாங்க வந்திருந்த பாஞ்சாலி பக்கம் திரும்பி, “உலகத்துக்கே தண்ணி பாய்ச்சறாருங்க அத்தை. வூட்டுத் தொட்டி வால்வு மட்டும் மூணு மாசமா ஒழுகுது” என்றாள்.

அருள்குமாருக்கு அது கேட்கவில்லை. காதில் கருப்பு இருந்தது.

கடைக்குப் போன பொட்டலத்தை முதலில் வாங்கிப் பிரித்த மனுஷரும் அவனேதான். சொந்தக் கிணற்றுக்காகச் செய்த பக்கத்திலிருந்த பழைய கணக்கை எடுத்துவிட்டு, தன்னுடைய பொட்டலத்தையே கடையிலிருந்து வாங்கி அங்கே வைத்தான். தன் தோட்டத்துத் தக்காளியைச் சந்தைக்கு அனுப்பி, பின்னாலேயே பஸ் ஏறிப் போய், அதையே வாங்கி வருவது மாதிரி. இதில் ஒரு பெருமை இருக்கிறது. நமக்குப் புரியாது.

இப்போது பாஞ்சாலியின் நிலத்துக்கு வருவோம். அரை ஏக்கர் சாமந்தி. ஆயுத பூஜைக்கு ஒன்பது நாள் இருந்தது. செடி முழுக்க மொட்டு. இந்த நேரத்தில் ஒரு தண்ணீர் நிறையக் கொடுத்துவிட்டால் பூ கை அகலத்துக்கு விரியும். தவறினால் பொத்தான் அளவில் நின்றுவிடும், தருமபுரிப் பூ மார்க்கெட்டில் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். முதல் கூடை அம்மனுக்கு என்று வேறு நேர்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் முறை. அன்றைக்கு விட்டால் மறுநாள் கிடையாது. துணை மின் நிலையத்தில் பராமரிப்பு, நாள் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மோட்டாருக்கான மூன்று பேஸ் கரண்டும் அந்த வாரம் சாயங்காலம் ஐந்தோடு போய்விடும். ஆக, எல்லாம் அந்த ஒரு பகலில் முடிந்தாக வேண்டும்.

காலை ஆறுக்கு மோட்டாரைப் போட்டாள். பாத்தி பாத்தியாக மடை திறந்து, மண்வெட்டியோடு சேற்றில் நின்று, ஒவ்வொரு பாத்தி நிறையும்போதும் ‘ஆத்தா’ என்று ஒரு சொல் சொல்லி அடுத்ததைத் திறந்தாள். பதினொரு மணிக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது. ஒரு மணிக்கு வந்தது. போனைப் பார்த்தாள். முறை காட்டுகிற பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. நாலு மணி வரை அவள் முறை என்று இருந்தது. சரிதான். போன இரண்டு மணி கழிந்துவிட்டது. இன்னும் பதினொரு பாத்தி. நாலு மணிக்குள் தாராளமாக முடியும் என்று முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

இரண்டு மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் இளைத்தது. பிறகு நின்றது.

மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், கொட்டாய்க்குப் பக்கத்தில் வீரமணி வால்வைத் தன் தக்காளிப் பக்கம் திருப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் பாஞ்சாலியைவிட நாலு வயது இளையவன். அவளிடம் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசாதவன்.

“என்னா வீரமணி, இன்னும் ரெண்டு மணி எனக்கு இருக்குதே” என்றாள்.

“இல்லீங்களே அண்ணி. மணி அடிச்சிருச்சு” என்று போனை நீட்டினான். இரண்டு மணியிலிருந்து உங்கள் முறை என்று அதில் அச்சடித்த மாதிரி இருந்தது. அவள் தன் போனை நீட்டினாள். அதில் நாலு மணி வரை அவளுடையது. இரண்டும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஒரே அருள்குமார். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

முரட்டு ஜனமாக இருந்தால் அந்த இடத்தில் மண்வெட்டி ஓங்கியிருக்கும், இரண்டு நிமிஷத்தில் யாராவது ஒருவருக்குத் தண்ணீர் போயிருக்கும். இவர்கள் சாதுக்கள். அடுத்தவர் தண்ணீர் நம் நிலத்தில் பாய்ந்தால் பாவம் என்று, கரண்ட் இருக்கும்போதே மோட்டாரை அணைத்துவிட்டு, செய்தவனையே கேட்டுவிடலாம் என்று மாடிக்கு ஆள் அனுப்பினார்கள். கலைச்செல்வி போய் அவன் காதிலிருந்து கருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் நடத்திக் கூட்டி வந்தாள்.

அருள்குமார் மடிக்கணினியோடு வந்து பம்புசெட்டுத் திட்டில் உட்கார்ந்தான். இரண்டு போனையும் வாங்கிப் பார்த்தான். நீங்களும் நானும் என்ன எதிர்பார்ப்போம்? முகம் வாடும் என்றுதானே? அவன் முகம் மலர்ந்தது. புத்தகத்தில் மட்டும் படித்திருந்த அபூர்வ நோய் தன் வீட்டுக்கே வந்துவிட்ட வைத்தியருக்கு வருமே, அந்த மலர்ச்சி.

“ஆஹா, இதுவா. இது உலகப் பிரசித்தமான வியாதி, சின்னம்மா” என்றான்.

விளக்கமும் தொடங்கியது. கணக்குப் பொட்டலம் ஒன்றுதான். ஆனால் பழைய முறை ஒன்று, புதிய முறை ஒன்று என்று இரண்டு விதமாகக் கட்டி வைத்திருக்கிறோம் அல்லவா? யார் முறை என்று காட்டுகிற பக்கம் புதியதைப் பிரித்துக்கொண்டது. மணி அடிக்கிற பாகம் பழைய பழக்கத்தில் எழுதியது, அது பழையதைப் பிரித்துக்கொண்டது. ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிட்டார். அவருக்கு ஒரு ஞாபகம், இவருக்கு ஒரு ஞாபகம். கரண்ட் போன சேதி புதியவரிடம் போய்ச் சொல்லப்பட்டது. பழையவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு எட்டு மணி எண்ணிவிட்டு மணி அடித்துவிட்டார்.

ஒரே அம்மனுக்கு மலை மேல் ஒரு கோயிலும் அடிவாரத்தில் ஒரு கோயிலும் கட்டி, மேலே முடிந்துகொண்ட வேண்டுதல் கீழே தெரியாது என்று பூசாரி சொன்னால் எப்படி இருக்கும் என்று பாஞ்சாலி யோசித்தாள். ஆத்தாளிடம் அந்தக் குழப்பம் இல்லை. எங்கே சொன்னாலும் அவளுக்குக் கேட்கும். மனுஷர் கட்டுகிற பொட்டலத்தில்தான் இந்தச் சங்கடம்.

மணி மூன்றாகியிருந்தது. அவள் கண் பாத்திப் பக்கமே போய்ப் போய் வந்தது.

“இப்ப என்னா பண்றது, அருளு?”

அதில்தான் சிக்கல் என்றான் அவன். பழைய பொட்டலத்தை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் கடையில் வைத்த ஒன்றை அப்படித் திடீரென்று எடுக்கக் கூடாது. அது தர்மம் இல்லை. முன்கூட்டி அறிவிக்க வேண்டும். பொட்டலத்தின் நம்பரை ஒன்றிலிருந்து இரண்டாக ஏற்ற வேண்டும். பழையதை நம்பியிருக்கிறவர்கள் மாறிக்கொள்ள ஒரு வழிகாட்டி எழுத வேண்டும். ஆறு மாதம் அவகாசம் கொடுப்பது மரியாதை.

“யாரு நம்பியிருக்காங்க?” என்றான் வீரமணி.

அருள்குமார் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“இப்போதைக்கு நீங்க ரெண்டு பேருதான், சித்தப்பா.”

“எங்க ரெண்டு பேருக்கும் அறிவிச்சிட்டியேப்பா. ஆறு மாசம் கழிச்சு என் தக்காளியே இருக்காது.”

“இப்ப நீங்கதான். நாளைக்கு யாராவது கேட்டா?”

கலைச்செல்வி கையிலிருந்த கருப்பை அவன் காதிலேயே திரும்ப மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் அதற்கு நன்றி சொல்லிவிட்டு, குனிந்து தட்ட ஆரம்பித்தான். கருப்புத் திரையில் எழுத்து ஓடியது. மூன்று பச்சை விழுந்தது. நாலாவது சிவப்பு. ‘ஒரே நிமிஷம்’ என்றான். அந்த நிமிஷத்தின் வயது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

மூன்றரையும் தாண்டியது. தலைக்கு மேல் கம்பியில் கரண்ட் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் சும்மா கிடந்தது. பாத்தியில் மொட்டுகள் வெயிலில் தலை சாய்ந்திருந்தன. பாஞ்சாலி மோட்டார் மேல் தான் வைத்த வெள்ளிக்கிழமைக் குங்குமத்தைப் பார்த்தாள். பிறகு வீரமணியைப் பார்த்து, சந்தையில் விலை விசாரிக்கிற சாதாரணக் குரலில் கேட்டாள்.

“வீரமணி, மத்தியானம் பதினோரு மணிக்கு மேல ஊர்ல கரண்ட் இருந்துச்சா?”

“எங்கீங்க இருந்துச்சு. ஒரு மணி வரைக்கும் பனியன கழட்டிப் போட்டுட்டு அட்டையால விசிறிக்கிட்டுக் கெடந்தேன்.”

சொல்லிவிட்டு அவன் வாய் திறந்தபடியே நின்றான். கையிலிருந்த போனைப் பார்த்தான். தன் முதுகில் வழிந்த வியர்வைக்குத் தெரிந்த கணக்கு, கையில் இருந்த போனுக்குத் தெரியவில்லை. தான் வியர்வையை விட்டுவிட்டுப் போனை நம்பி வந்து வால்வைத் திருப்பியிருக்கிறோம் என்பது அவனுக்கு மெல்ல மெல்ல ஏறியது. போனை இடுப்பில் சொருகினான். குனிந்து வால்வைப் பாஞ்சாலி பக்கம் திருப்பினான். மோட்டாரையும் அவனே போட்டான். மண்வெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நீங்க அந்தக் கோடி மடையைப் பாருங்க அண்ணி, நான் இதைப் பார்க்கறேன்” என்று சேற்றில் இறங்கினான்.

அப்போது மணி மூன்றே முக்கால். ஐந்து மணிக்கு மூன்று பேஸ் போனது. பதினொரு பாத்தியில் எட்டு நிறைந்திருந்தது. கோடியில் மூன்று பாத்தி காய்ந்தபடி நின்றது.

அருள்குமார் அப்போதுதான் தலையைத் தூக்கினான். நாலாவதும் பச்சையாகிவிட்டது என்று சொன்னான்.

மறுநாள் கரண்ட் இல்லை. அதற்கு மறுநாள் வீரமணி, அவள் கணக்கில் பாக்கியிருந்த முக்கால் மணியை முதலில் அவளுக்கே விட்டான். ஆனால் இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு ஊற்றுகிற தண்ணீர் செடியைத்தான் காப்பாற்றும், மொட்டைக் காப்பாற்றாது. மோட்டார் கொட்டாயில் புதுச் சிலேட்டு ஒன்று தொங்கியது. யார் வாங்கி மாட்டினார்கள் என்று மூன்று பங்கிலும் யாரும் கேட்கவில்லை. கலைச்செல்வி மட்டும் பாப்பாரப்பட்டிக்குத் தன் அம்மா வீடு போய்த் திரும்பினபோது பையில் சதுரமாக ஏதோ இருந்தது என்று பேச்சு.

ஆயுத பூஜை வந்தது. தண்ணீர் நிறைந்த பாத்திகளின் பூவில் முதல் கூடை, கை அகலப் பூவாகப் பொறுக்கி, அம்மனுக்குப் போனது. மீதி மார்க்கெட்டுக்குப் போனது. மாடி அறையில் அருள்குமார் மடிக்கணினியைத் துடைத்து, சந்தனம் வைத்து, சின்னம்மாவிடம் ஒரு சரம் பூ கேட்டு அனுப்பினான். பாஞ்சாலி தானே கட்டி, தானே எடுத்துக்கொண்டு படி ஏறினாள். பொத்தான் பொத்தானாக, நெருக்கி நெருக்கித் தொடுத்த சரம். அவள் மனசில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் பூ கொடுத்திருக்க மாட்டாள்.

“கோடி மூணு பாத்தியில பூத்தது, அருளு. அது உனக்குன்னே எடுத்து வெச்சேன்” என்றாள்.

அவன் சரத்தை வாங்கி மடிக்கணினியைச் சுற்றி வைத்துப் பார்த்தான். ஒரு பூ கூடத் திரையை மறைக்கவில்லை. அவனுக்கு மெத்த சந்தோஷம்.

“சரியான சைசு, சின்னம்மா. பெரிய பூவா இருந்தா மூட முடியாது. எப்படிக் கணக்கா இவ்வளவு பொடிசா வளர்த்தீங்க?”

பாஞ்சாலி அவனை ஒரு கணம் பார்த்தாள். தலையில் கை வைத்து, நல்லா இரு சாமி என்றாள். நிஜமாகவே வாழ்த்தினாள். படி இறங்கும்போது, ஐந்தாவதாக ஒரு பொட்டலம் தேவைப்படும்போல் இருக்கிறது என்று அவன் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

சிரித்தீர்களா? சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. படித்துக்கொண்டு வரும்போதே, இதை யார் யாருக்கு அனுப்பலாம், மச்சானுக்கு எழுத்தாக அனுப்புவதா, கண் தெரியாத மாமாவுக்குக் குரலில் படித்து அனுப்புவதா, ஆபீஸ் குழுவுக்குப் படம் எடுத்துப் போடுவதா என்று உங்கள் மனசில் ஒரு பட்டியல் ஓடவில்லை? ஓடியிருந்தால், அது எத்தனை விதம் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குள் அடுத்த அறையிலிருந்து ஒருவர் உங்களை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். ‘கேக்குது, கேக்குது’ என்று நீங்களும் பதில் சொல்லிவிட்டீர்கள்.